பொய்ப்பழி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கூட்டுறவு வங்கிக் காசாளர் ஒருவர் மீது கையாடல் பழி விழுவதை வைத்து ஒரு நாவல் எழுதிவருகிறேன். பணத்தை எடுத்தவர் செயலாளர் என்பதைக் கடைசி அத்தியாயத்தில், கண்காணிப்புக் கேமரா பதிவின் மூலம் வெளிப்படுத்துகிறேன். ஆனால் காசாளர் நிரபராதி என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால் விறுவிறுப்பு இல்லை என்கிறார்கள் படித்த நண்பர்கள். மர்மத்தை எப்படிக் கூட்டுவது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மர்மத்தைக் கூட்டும் முயற்சியையே கைவிடுங்கள் என்பேன். பொய்ப்பழியைப் பற்றி நம் மொழியில் எழுதப்பட்ட ஆகப் பெரிய படைப்பு சிலப்பதிகாரம். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லனே என்பதை, பழி சொல்லப்படுவதற்கு முன்பே இளங்கோவடிகள் நமக்குத் தெரிவித்துவிடுகிறார். ஆனாலும் கொலைக்களக் காதையைப் பதறாமல் படிக்க முடிவதில்லை. அந்தப் பொய் ஒவ்வொருவருடைய அவசரத்துக்கும் எவ்வளவு வசதியாகப் பொருந்திப் போகிறது என்பதைக் கண்ணெதிரே பார்க்கிறோம்.

ஆடல் மகளிரிடம் மன்னன் மனம் சென்றதென்று ஊடி, தலைநோவைக் காரணம் காட்டி எழுந்துபோன தேவியைத் தேற்ற விரையும் பாண்டியனிடம்தான் பொற்கொல்லன் வந்து, கள்வன் அகப்பட்டான் என்கிறான். சிலம்பு கிடைத்தால் தேவியின் மனம் ஆறும், விசாரித்தால் நேரமாகும். அது கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று எடுத்துவருமாறு ஊர்க்காவலருக்கு உத்தரவிடுகிறான்.

அடுத்து வருவதை நிதானமாகப் படியுங்கள். கோவலனைப் பார்த்த காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே முதலில் சொல்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்து, மந்திரம், மருந்து, நிமித்தம் எனக் கள்வருக்குத் துணையாகும் எட்டையும் அடுக்குகிறான். இளைஞனான ஒரு காவலன், மழைக்கால நள்ளிரவில் தன் வாளையே பறிக்க வந்த திருடனின் கதையைச் சொல்கிறான். அந்தக் கதைக்கும் கோவலனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் அச்சம் பரவிவிடுகிறது. காவலரில் கல்லாத களிமகன், அதாவது குடிகாரன், ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் இவர்கள் என்று மட்டுமே கோவலனிடம் சொல்லப்பட்டிருந்தது. தன் மீது பழி விழுந்திருப்பதே அவனுக்குத் தெரியாது.

அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உள்ளிருக்கும் பரல் என்ன என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். கேட்கப்படாத அந்த ஒரு கேள்விதான் நம்மை வதைக்கிறது.

ஆகவே செயலாளரை இரண்டாம் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள். தணிக்கைக்கு முந்தைய இரவு அவர் பேரேட்டை எப்படிப் புரட்டுகிறார், யார் பெயரைச் சொன்னால் எடுபடும் என்று எப்படிக் கணக்கிடுகிறார் என்பதை எழுதுங்கள். "அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்று முதல் நாள் சொன்ன எழுத்தர், பதவி உயர்வுப் பட்டியல் வரவிருக்கும் வாரத்தில் ஏன் வாய் மூடிக்கொள்கிறார் என்பதற்கு ஓர் அத்தியாயம் முழுவதையுமே ஒதுக்கலாம். கேமரா பதிவு முதல் நாளிலிருந்தே அந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறது. அதை ஒருவர்கூடப் போட்டுப் பார்க்கவில்லை என்றால், பார்க்காமல் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். உங்கள் நாவலை அந்தக் காரணங்களிலிருந்து எழுதுங்கள்.