பழைய அறிவியல் புனைவுத் திரைப்படங்கள் இன்றும் ஏன் ஈர்க்கின்றன?

எதிர்காலத்தைக் கணிக்க அவற்றை எடுத்தவர்கள் பட்ட பாடு திரையிலேயே தெரிவதுதான் காரணம் என்பேன். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் இயக்கி, 1929இல் வெளிவந்த ‘நிலவில் பெண்’ என்ற மௌனப் படத்தைப் பாருங்கள். ராக்கெட் அறிஞர் ஹெர்மன் ஓபெர்த் அதற்கு ஆலோசகர். அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும் ராக்கெட்டும், எடையற்ற நிலையில் மிதந்துவிடாமலிருக்கக் கால் நுழைக்கும் வார்களும் அதில் உண்டு.

ஒலியே இல்லாத படத்தில் ஏவும் கணத்தின் பதற்றத்தை எப்படிக் காட்டுவது? எண்களைத் தலைகீழாக, ஒன்றுவரை திரையில் எழுதிக் காட்டினார் லாங். இன்று ஸ்ரீஹரிகோட்டாவிலும் அதே கவுன்ட் டவுன்தான்!

நிலவில் காற்று இருப்பதாகக் காட்டியது தவறு. அதற்காக எனக்கு மரியாதை குறைவதில்லை. மனிதன் அங்கே இறங்க அப்போது இன்னும் 40 ஆண்டுகள் இருந்தன.