ஜனவரியில் யாரும் ஜெயிக்க வேண்டாம் – கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

நாங்கள் வட கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியின் மவுண்டன் பைக் அணியில், அதாவது மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் அணியில், சேர்ந்திருக்கிறான். கூடப் போய் வேடிக்கை பார்த்த என்னையும் கோச்சாக்கிவிட்டார்கள். டிசம்பரில் பயிற்சி தொடங்கியது, இருபதுக்கு மேல் பிள்ளைகள். நாலைந்து பேர் கண்ணுக்கே தெரியாமல் பறந்துவிடுகிறார்கள். பின்னால் இருப்பவர்கள் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு பேர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். முதல் போட்டிக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, இப்போதே முழுவேகத்தில் ஓட்டவையுங்கள் என்று சில பெற்றோர் நெருக்குகிறார்கள். என்னிடம் இருப்பது முதல் நிலை கோச் உரிமம் மட்டும். என்ன செய்யலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பறந்துபோகிற நாலைந்து பேரைப் பற்றிக் கவலை வேண்டாம். யார் கோச்சாக இருந்தாலும் அவர்கள் பறப்பார்கள். வராமல் போன அந்த இருவரின் வீட்டுக்கு முதலில் போன் செய்யுங்கள்.

இந்த விளையாட்டு பள்ளிகளுக்குள் நுழைந்ததே உங்கள் பக்கத்தில்தான். பெர்க்லி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த மேட் ஃப்ரிட்ஸிங்கர் 2001இல் வட கலிஃபோர்னியா லீகைத் தொடங்கினார். 2009இல் அதிலிருந்து நைக்கா என்ற தேசிய அமைப்பு உருவானது. இங்கே யாரையும் பெஞ்சில் உட்காரவைக்கும் வழக்கம் கிடையாது. சேர்ந்த எல்லோரும் போட்டியில் ஓட்டலாம். 2018இல் உலக சாம்பியனான கேட் கோர்ட்னியும் இந்த லீகில் ஓட்டியவர்தான். ஜனவரி மாதத்தில் அவர் பெயரை இழுத்துப் பேசும் பெற்றோரிடம் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பின்தங்கும் பிள்ளைகள் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்பது ஒருநாள் கடைசி ஆளாக ஓட்டிப் பார்த்தால் புரிந்துவிடும். முன்னால் போனவர்கள் பாதை பிரியும் இடத்தில் நின்று தண்ணீர் குடித்து, அரட்டையடித்துக்கொண்டிருப்பார்கள். கடைசிப் பெண் மூச்சிரைக்க வந்து ஒரு காலைத் தரையில் ஊன்றுவாள். பாட்டிலில் கை வைப்பதற்குள் யாரோ ஒருவர், "சரி, எல்லோரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பார். தெம்பாக இருப்பவர்களுக்கு ஐந்து நிமிடம் ஓய்வு, தேவைப்படுகிறவளுக்கு ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் இப்படி நாலு முறை நடந்தால் எந்தப் பிள்ளை அடுத்த வாரம் வரும்?

கடைசி ஆள் கால் ஊன்றிய பிறகுதான் ஓய்வு நேரம் தொடங்கும் என்று விதி வைத்துவிடுங்கள். அப்புறம், அணியை வேகத்தை வைத்து மூன்று நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர். பொதுவாக அனுபவசாலியை முன்னால் விடுவார்கள். நான் அவரைக் கடைசியில்தான் போடுவேன். செயின் அறுவதும் அழுகை வருவதும் அங்கேதான்.

முழுவேகம் கேட்கும் பெற்றோருக்கு வருவோம். சீசன் தொடக்கத்தில் பெரும்பாலான ஓட்டம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் இருக்க வேண்டும். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று வந்துவிட்டால் வேகம் அதிகம். இதயமும் தசைகளும் நீண்ட நேரம் உழைக்கப் பழகுவது இந்த மெதுவான மணிநேரங்களில்தான். வாரத்தில் ஒருநாள் சிறிய ஏற்றத்தில் சில முழுமூச்சு ஓட்டங்களை மூன்றாம் நான்காம் வாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதுவும் எல்லோருக்கும் இல்லை. வளர்கிற வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பதை ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்பார்கள். விளையாடுகிற பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது. அந்த இடத்தைத் தொட்டாலே வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் சுமையைக் குறைத்து, டாக்டரிடம் அனுப்புங்கள். சீட் உயரத்தையும் பாருங்கள். இரண்டு மாதத்தில் பையன் வளர்ந்திருப்பான், சீட் பழைய இடத்திலேயே இருக்கும்.

மூச்சில் மிச்சமாவதைத் திறமையில் செலவழியுங்கள். மலைக்கே போகாமல் பள்ளி மைதானத்துப் புல்தரையில் ஒரு மாலை. பத்தடிக்கு ஒரு பிளாஸ்டிக் கூம்பு. பிள்ளைகள் பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நிற்கட்டும். முழங்கையும் முழங்காலும் தளர்வாக இருக்கட்டும், பிரேக்கில் ஒரே ஒரு விரல் இருந்தால் போதும். பயந்த பிள்ளையின் கையைப் பாருங்கள்: நாலு விரலும் பிரேக்கில் இருக்கும், ஹேண்டில்பாரைப் பிடிக்கக் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். கண் முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். பிரேக்கில் ஒரு விரலை மட்டும் வைக்கச்சொல்லி, அடுத்த கூம்பை விட்டு அதற்கடுத்ததைப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் தோள் இறங்கிவிடும். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்காமல் நுழையும் முன்பே வேகத்தைக் குறைக்கவும் அங்கேயே பழக்கிவிடலாம். ஒற்றையடிப் பாதையில் ஏற்றத்தில் இழக்கும் நேரத்தைவிடப் பயந்து இறங்குவதில் இழக்கும் நேரம் பல பிள்ளைகளுக்கு அதிகம். இதை மட்டும் அந்தப் பெற்றோரிடம் சொல்லிப் பாருங்கள். கணக்குப் புரிந்தால் அடங்கிவிடுவார்கள்.

சைக்கிள்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த டியூப்லெஸ் டயருக்குள், ஓட்டையை அடைக்கும் சீலண்ட் திரவம் காய்ந்திருக்கும். டயர் ஓரத்தில் அச்சடித்திருக்கும் அதிகபட்ச எண் வரை காற்றடித்துக் கொண்டுவருவார்கள். நாற்பத்தைந்து கிலோ பிள்ளைக்கு அகலமான டியூப்லெஸ் டயரில் காற்றழுத்தம் இருபது பிஎஸ்ஐயை ஒட்டி இருந்தாலே போதும். கல்லில் துள்ளுவது பாதி குறையும்.

ஜனவரி உங்கள் ஊரில் மழைக்காலம். பாதையில் டயர் ஆழமாகப் பதிந்தால் திரும்பிவிடுங்கள். ஈரத்தில் விழுந்த தடம் காய்ந்து இறுகி வருஷம் பூராவும் கிடக்கும், நடக்க வருகிறவர்களுக்கும் குதிரையில் வருகிறவர்களுக்கும் அணி மேல் எரிச்சல்தான் வரும். அன்றைக்குப் பஞ்சர் ஒட்டச் சொல்லிக்கொடுங்கள்.

உரிமத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் நிலைக்கு முதலுதவி, சிபிஆர் (இதயம் நின்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு) சான்றிதழ்கள் வேண்டும். சீசன் சூடு பிடித்தபின் நேரம் கிடைக்காது, இந்த வாரமே வகுப்பில் பெயர் கொடுத்துவிடுங்கள். நெருக்குகிற பெற்றோரில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், கடைசியில் ஓட்ட ஆள் தேவைப்படும்.

இன்னொன்று. உங்கள் மகனை உங்கள் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவனுக்கு அது பெரிய நிம்மதி, வெளியே சொல்லமாட்டான்.