குழந்தைகள் இருக்கும் வீட்டில் கைத்துப்பாக்கி வைக்க, சட்டென்று திறக்கும் பெட்டி எது வாங்கலாம்?

கேட்டவர் டெக்சாஸில் இருக்கிறார். பிள்ளைகளில் ஒன்றுக்கு நான்கு வயது, இன்னொன்றுக்கு ஒன்பது. ராத்திரியில் அவசரம் என்றால் உடனே திறக்க வேண்டும் என்பதால் கைரேகைப் பெட்டி வாங்கலாமா என்கிறார். நானும் டாலஸ் பக்கம்தான், என் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கைரேகை வேண்டாம் என்பதுதான் என் பதில். பேட்டரியே தேவைப்படாத, பொத்தான் அழுத்தித் திறக்கும் மெக்கானிக்கல் பூட்டு போட்ட கனமான இரும்புப் பெட்டி வாங்குங்கள்.

2023 அக்டோபரில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஃபோர்ட்ரஸ் சேஃப் நிறுவனத்தின் கைரேகைப் பெட்டிகளைத் திரும்பப் பெற அறிவித்தது. ஏறக்குறைய 61,000 பெட்டிகள். கைரேகை பதிவாகாத நிலையில் அந்தப் பெட்டி யார் விரல் வைத்தாலும் திறந்துவிடும். வாங்கியவர் பதிந்துவிட்டதாக நினைத்திருப்பார். அவர் விரலுக்குத் திறக்கிறதே, பிறகு எப்படிச் சந்தேகம் வரும்? அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயதுப் பையன் இறந்துபோனான் என்று வழக்கு இருப்பதும் அந்த அறிவிப்பிலேயே இருக்கிறது. அடுத்த பிப்ரவரியில் ஆசேஃப், புல்டாக் உள்ளிட்ட இன்னும் சில பிராண்டுகளும் இதே கோளாறுக்காகத் திரும்பப் பெறப்பட்டன. ஏற்கெனவே கைரேகைப் பெட்டி வைத்திருப்பவர்கள், துப்பாக்கியை வெளியே எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, பதியாத விரல்கள் ஒவ்வொன்றையும் வைத்துப் பாருங்கள். மனைவி விரல், பிள்ளைகளின் விரல் எல்லாவற்றையும்தான். ஒன்றுக்குத் திறந்தாலும் அந்தப் பெட்டியை இனிப் பயன்படுத்தாதீர்கள்.

நம்பர் அழுத்தும் மலிவான எலக்ட்ரானிக் பெட்டிகளையும் அப்படியே நம்ப முடியாது. பூட்டு நிபுணர் மார்க் வெபர் டோபியாஸ் 2012-ல் கடைகளில் விற்கும் சிறிய பெட்டிகள் சிலவற்றைச் சோதித்துக் காட்டினார். லேசாகத் தூக்கித் தரையில் போட்டாலே சில பெட்டிகள் திறந்துகொண்டன. மூன்று வயதுக் குழந்தையாலேயே அதைச் செய்ய முடிந்தது. உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் சின்ன ஊசி ஸ்பிரிங்கில் நிற்கிறது. பெட்டி அதிர்ந்தால் அதுவும் துள்ளுகிறது, அந்த நொடியில் கைப்பிடி திரும்பிவிடுகிறது. எந்தப் பெட்டி வாங்கினாலும் முதல் நாளே காலியாகப் பூட்டி, மேஜை மேல் நாலு விரல் உயரம் தூக்கித் தூக்கிப் போட்டு, பக்கவாட்டிலும் தட்டி, கைப்பிடியைத் திருகிப் பாருங்கள். திறந்தால் அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிம்ப்ளெக்ஸ் எனப்படும் ஐந்து பொத்தான் பூட்டை நான் விரும்புவதற்குக் காரணம், அதில் மின்சாரமே கிடையாது. பேட்டரி தீர்ந்துபோகாது, ஈர விரல் என்று அடம் பிடிக்காது. பொத்தான்கள் வரிசையாக இருப்பதால் இருட்டில் விரல் தானாகவே இடம் கண்டுபிடிக்கும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவது மாதிரியும் கோடு (பூட்டைத் திறக்கும் ரகசிய வரிசை) வைக்கலாம். ஃபோர்ட் நாக்ஸ், வி-லைன் போன்றவர்கள் இந்தப் பூட்டோடு பெட்டி செய்கிறார்கள், விலை கொஞ்சம் அதிகம்தான். தகடு எத்தனை கேஜ் என்று கட்டாயம் பாருங்கள். எண் குறையக் குறைய தகடு தடிமனாகும். 16 கேஜ் என்பது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர்தான், 10 கேஜ் மூன்று மில்லிமீட்டருக்கும் மேல்.

இதிலும் ஒரு குறை உண்டு. மொத்தம் 1,082 கோடுகள்தான், எத்தனை முறை தப்பாக அழுத்தினாலும் பூட்டு தன்னை முடக்கிக்கொள்ளாது. நான்கு வயதுக் குழந்தைக்கு இது போதும். தனியாக நேரம் கிடைக்கும் ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் போதாது. ஆகவே கைக்கு எட்டாத உயரத்தில், அலமாரிக்குள், பெட்டியின் உள்பக்கமிருந்து போல்ட் போட்டுச் சுவருக்குள் இருக்கும் மரக்கட்டையோடு இறுக்குங்கள். பெட்டியைக் கட்டி வைக்கக் கூடவே தரும் இரும்புக் கம்பி வீட்டுக்குப் போதாது. கம்பெனியே வைத்து அனுப்பும் கோடு எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான், அதை முதல் வேலையாக மாற்றுங்கள்.

"எங்கே வைத்திருக்கிறேன் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது" என்று நிறையப் பெற்றோர் சொல்கிறார்கள். அலபாமாவில் 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் தனித்தனியாக விசாரித்த ஓர் ஆய்வு 2006-ல் வந்தது. தெரியாது என்று சொன்ன பெற்றோரில் 39 சதவீதம் பேரின் பிள்ளைகளுக்கு இடம் தெரிந்திருந்தது. பிள்ளை அதைத் தொட்டதே இல்லை என்றவர்களில் 22 சதவீதம் பேரின் பிள்ளைகள் தொட்டதாகச் சொன்னார்கள். மாற்றுச் சாவி உள்ள பெட்டி என்றால் அந்தச் சாவிக்கும் இதே கதைதான். அஞ்சறைப் பெட்டிக்கு அடியில், சாமி படத்துக்குப் பின்னால் என்று வைக்காதீர்கள். ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கும் அப்பா அம்மா வீட்டை ஒழுங்குபடுத்தும்போது எடுத்து எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஆணியில் மாட்டிவிடுவார்கள். அவர்களிடம் முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.

டெக்சாஸ் சட்டம் இதில் தெளிவு. 17 வயதுக்குக் கீழே உள்ளவர் கையில் சுடத் தயாரான துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக விட்டால் குற்றம், யாராவது இறந்தாலோ பலத்த காயம் பட்டாலோ தண்டனை கூடும். இன்னொன்று, எச்1பி விசாவில் இருப்பவர்கள் ஹன்டிங் லைசென்ஸ் போன்ற ஒருசில விலக்குகள் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. கிரீன் கார்டு இருந்தால் அந்தத் தடை இல்லை.

பிள்ளைகள் டீன் ஏஜுக்கு வரும்போது கணக்கே மாறுகிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் ஏற்படும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். பையனோ பெண்ணோ சில வாரங்களாக மனம் உடைந்து கிடக்கிறார்கள் என்றால் எந்தப் பெட்டியையும் நம்பாதீர்கள். சில துப்பாக்கிக் கடைகளும் போலீஸ் நிலையங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்ளும், போன் செய்து கேட்டு அங்கே கொடுத்துவிடுங்கள். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு நீங்களே அழைத்து, பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்கலாம்.