முழங்கால் வலியுள்ள அம்மாவுடன் மெலாவத்தி குன்றுக்கு

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் 70 வயது அம்மாவையும் கோல சிலாங்கூர் கலங்கரை விளக்கத்துக்கு அழைத்துப் போக ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஏற முடியுமா? விளக்கின் உள்ளே விடுவார்களா?"

அம்மாவைத் தயங்காமல் கூட்டிப் போங்கள், சகோதரி. அந்த விளக்கு நிற்கும் புக்கிட் மெலாவத்தி குன்றின் உச்சிவரை தார்ச்சாலை இருக்கிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் சொந்தக் காரைப் பெரும்பாலும் மேலே விடமாட்டார்கள். அடிவாரத்தில் நிறுத்திவிட்டு டிராமில் போக வேண்டும். வார நாளில் காரிலேயே மேலே போய்விடலாம் என்பதால், அதுதான் அம்மாவுக்கு நல்லது.

கோபுரத்தின் உள்ளே ஏறப் பொதுமக்களுக்கு வழக்கமாக அனுமதியில்லை. பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய் ஏமாந்து நிற்க வேண்டாம். அதற்குப் பதில் அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 1784இல் டச்சுக்காரர்கள் இந்தக் குன்றைப் பிடித்து, பத்தாவியாவிலிருந்த (இன்றைய ஜகார்த்தா) தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். மறு ஆண்டே சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் அதை மீட்டுவிட்டார். ஆனாலும் 1907இல் பிரிட்டிஷார் கட்டிய விளக்குக்கு ஆல்டிங்ஸ்பர்க் என்ற அந்த டச்சுப் பெயரே நிலைத்துவிட்டது. பீரங்கிகளின் பக்கத்தில் நின்று பார்த்தால் கீழே அலையாத்திக் காடும் அதற்கப்பால் மலாக்கா நீரிணையும் தெரியும். எதற்காக இந்தக் குன்றுக்கு அடித்துக்கொண்டார்கள் என்று பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

குரங்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே இரண்டு வகை உண்டு. சாம்பல் நிற லோத்தோங் சாது. அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், சில மாதங்களில் நிறம் மாறிவிடும். பிள்ளைகள் அந்தக் குட்டியைத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். நீண்ட வால் குரங்கோ பையைப் பறித்துக்கொண்டு ஓடும், அதனால் நெகிழிப் பை எதுவும் கையில் வேண்டாம். தீனி வாங்கிப் போடப் பிள்ளைகள் அடம்பிடித்தாலும் இணங்காதீர்கள். லோத்தோங் இலை தின்னும் பிராணி. மாட்டுக்கு இருப்பதுபோல் பல அறைகள் கொண்ட இரைப்பை அதற்கு. ரொட்டியும் இனிப்பும் அங்கே அளவுமீறிப் புளித்து வயிற்றைக் கெடுத்துவிடும். கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய குரங்கு, அடுத்து வரும் குழந்தையின் கையையும் சும்மா விடாது.

மாலை ஐந்து மணிக்குக் குன்றின்மேல் இருந்தால் வெயில் தணிந்திருக்கும். ஏழேகால் மணியை ஒட்டிச் சூரியன் மறையும். பிறகு நேரே வீட்டுக்குப் போய்விடாதீர்கள்; உங்கள் ஊருக்குத் திரும்பும் பக்கம்தான் கம்போங் குவாந்தான் கிராமம். அங்கே ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல விட்டுவிட்டு மின்னும். நிலா வெளிச்சத்தில் அவை மங்கித் தெரியும் என்பதால், நாள்காட்டியைப் பார்த்து அமாவாசையை ஒட்டிய ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். மழை நாள் வேண்டாம். மின்மினிகளைப் பார்க்கப் போகும் துடுப்புப் படகு சிறியது, ஏறும்போது ஆடும். அம்மாவை முதலில் உட்காரவைத்த பிறகு பிள்ளைகளை ஏற்றுங்கள். கைப்பேசி விளக்கைப் படகில் ஏறும் முன்பே அணைத்துவிடச் சொல்லுங்கள்.