சார்ட் லேபிளில் லட்சம், கோடி வரவைப்பது

வணக்கம் நண்பரே. எக்செல் பார் சார்ட்டில் 1250000 என்பது 1,250,000 என்று நீளமாக வந்து பக்கத்து பார் மேல் ஏறுகிறது, 12.50 லட்சம் என்று வேண்டும், ஆனால் ஷீட்டில் உள்ள எண்ணை மாற்றக்கூடாது என்று கேட்டிருந்தீர்கள். முடியும். லேபிள் மேல் ரைட் கிளிக், ஃபார்மட் டேட்டா லேபிள்ஸ், அதில் கடைசியாக இருக்கும் நம்பர் பகுதி. அங்கே ஃபார்மட் கோட் பெட்டியில் இதைப் போட்டு ஆட் அழுத்துங்கள்:

[>=10000000]0\.0,," கோடி";[>=100000]0\.00," லட்சம்";#,##0

கடைசியில் வரும் ஒரு கமா எண்ணை ஆயிரத்தால் வகுக்கும், இரண்டு கமா பத்து லட்சத்தால். லட்சத்தால் வகுக்க எக்செலில் தனிக் குறி கிடையாது, அதனால்தான் 1250000-ஐ 1250 ஆக்கி, நடுவில் \. வைத்து 12.50 என்று காட்ட வைக்கிறோம். அந்தச் சாய்கோட்டை விட்டுவிட்டால் 1250.00 லட்சம் என்று வந்து நிற்கும், கவனம்.

கோடிக்கு இந்த வழியில் ஒரு தசமம்தான் வரும். 1,25,60,000 என்பது 1.3 கோடி ஆகிவிடும். கணக்குக் காட்டும் அறிக்கை என்றால் இது போதாது, பக்கத்தில் ஒரு நெடுவரிசை (column) போட்டு 10000000-ஆல் வகுத்து அதை சார்ட்டில் கொடுப்பதே நல்லது. நஷ்டம் மாதிரி மைனஸ் எண்களும் இதில் மாறாது, பழையபடி முழுசாகவே வரும்.

அப்புறம், 'லிங்க்ட் டு சோர்ஸ்' டிக் எடுக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் செல்லின் ஃபார்மட்டே திரும்ப வந்துவிடும். இடப்பக்க அச்சு எண்களுக்கும் இதையே தனியாகப் போட வேண்டும்.