இசைத்தட்டில் காதணி செய்யலாமா?

கேள்வி: கீறல் விழுந்து பாட முடியாமற்போன பழைய இசைத்தட்டுகளை அடுப்பில் வாட்டி வளைத்து, காதணியும் பதக்கமும் செய்யலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: செய்யலாம், ஆனால் முதலில் தட்டின் வகையைப் பாருங்கள். நிமிடத்திற்கு 78 சுற்று எனக் குறிக்கப்பட்டவை பெரும்பாலும் அரக்கினால் ஆனவை என்பதால் வாள் பட்டதும் நொறுங்கிவிடும். வேறெங்கும் கிடைக்காத பழைய குரல்கள் அவற்றில் இருக்கக்கூடும் என்பதால், பத்திரப்படுத்தி வைக்குமாறே வேண்டுகிறேன். 1948இல் அறிமுகமான 33 சுற்று வினைல் தட்டுகளே இவ்வேலைக்கு ஏற்றவை.

அடுப்பு வேண்டவே வேண்டாம். வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக். அது தீயில் கருகினால், கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும் ஹைட்ரஜன் குளோரைட் வாயு வெளியேறும். கொதித்த நீரில் சற்று நேரம் அமிழ்த்தினாலே தட்டு இளகும். இடுக்கியால் எடுத்து, தடித்த கையுறை அணிந்து வளைத்து, உடனே குளிர்நீரில் இட்டால் அவ்வடிவிலேயே இறுகிவிடும்.

அறுப்பதற்குப் பொற்கொல்லர்களின் மெல்லிய வாளே சிறந்தது. கொழும்பில் நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். முகக்கவசம் அணிந்து, நனைத்த சாண்ட்பேப்பரால் ஓரங்களைத் தேய்த்தால் தூசி பறக்காது. கொழும்பின் புழுக்கத்தில் வியர்வை பட்டு நிக்கல் கலந்த கொக்கிகள் காதைப் புண்ணாக்கக்கூடும் என்பதால், வெள்ளிக் கொக்கிகளையே மாட்டுங்கள். செய்த நகையை வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விட்டுவிட வேண்டாம், வடிவம் நெளிந்துவிடும்.