முதுமையில் மன அழுத்தமும் உடற்பயிற்சியும்: நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை): இரவில் தொலைபேசி மணி அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, அடங்க வெகுநேரம் ஆகிறது. வேகமாக நடந்தாலும் துடிப்பு கூடத்தானே செய்யும்? அது எப்படி நன்மையாகும்?

பதில்: ஐயா, முதலில் ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள். கெட்ட செய்தியைக் கேட்டாலும் வேகமாக நடந்தாலும் அட்ரினலின், கார்டிசால் ஆகிய மன அழுத்த ஹார்மோன்கள் சுரப்பது உண்மையே. ஆனால், வயது கூடக் கூட, ஏறிய கார்டிசாலைத் தணிக்கும் கட்டுப்பாடு தளர்ந்துவிடுவதால், படபடப்பு வருவதைவிட அது அடங்குவதே பெரும்பாடாகிறது. நாள்தோறும் வ.உ.சி. மைதானத்தில் அரை மணி நேரம் சற்றே மூச்சு வாங்க நடந்துவிட்டு, பிறகு உட்கார்ந்து ஆறும்போது, ஏறிய துடிப்பைத் தானே இறக்கிக்கொள்ள உடல் பழகுகிறது. நான் கவனிக்கச் சொல்வதும் துடிப்பு எவ்வளவு ஏறியது என்பதை அன்று, எவ்வளவு விரைவில் இறங்கியது என்பதைத்தான். கார்டிசால் சுரப்பை அடக்குவதில் பங்குள்ள ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப்பகுதி முதுமையில் சுருங்கக்கூடியது. அமெரிக்காவில் 120 முதியோரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு அப்பகுதி சுமார் 2 விழுக்காடு பெருத்திருந்தது. தசைகளை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கோ சுருங்கியிருந்தது.

கேள்வி (பீடி சுற்றும் பெண், முக்கூடல்): விடிந்தது முதல் உழைக்கிறேன். எனக்கும் தனியாகப் பயிற்சி வேண்டுமா?

பதில்: வேண்டும், அம்மா. உங்கள் களைப்பு பொய்யன்று. ஆனால், மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலையை நறுக்கித் தூளிட்டுச் சுருட்டும்போது விரல்கள்தாம் ஓடுகின்றன. தொடையிலுள்ள பெருந்தசைகள் அசைவதே இல்லை. லண்டன் பேருந்துகளைப் பற்றி 1953-இல் வெளியான ஆய்வில், உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. பீடிக்கடைக்கு நடந்தே போய்வாருங்கள். இடையிடையே எழுந்து நில்லுங்கள்.

கேள்வி (74 வயது, அம்பாசமுத்திரம்): விழுந்துவிடுவேனோ என்று படித்துறையில் இறங்கவே அஞ்சுகிறேன். இனிமேல் தொடங்கிப் பயனுண்டா?

பதில்: உண்டு. 90 வயதை ஒட்டியவர்கள்கூட எட்டு வார எடைப்பயிற்சியில் கால்வலிமை பெற்றதை 1990-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. விழும் அச்சமும் ஓயாத மன அழுத்தமே. நடமாட்டத்தைக் குறைக்கக் குறைக்க அது வளரும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலைப் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். பாசி படிந்த படிகளில் மட்டும், பழகிய பிறகும் துணையோடு இறங்குங்கள்.